மெர்தர் வேல் வார்டு உறுப்பினரின் புகார்

1964-ம் ஆண்டின் தொடக்கத்தில் தெற்கு வேல்ஸில் உள்ள மெர்தர் டிட்ஃபில் நகராட்சியின் திட்டக் குழு கூடியது. மெர்தர் வேல் வார்டின் கவுன்சிலர் க்வினெத் வில்லியம்ஸ் ஒரு புகாரை எழுப்பினார். சுரங்கத்துக்காரர்கள் மலைமேல் கொட்டும் நிலக்கரிச் சேறு மழை நாட்களில் வழிந்து வந்து தெருவில் வெள்ளமாக நிற்கிறது என்றார். அத்தோடு நிறுத்திக்கொள்ளவில்லை. அந்தக் கழிவு மேடு ஒருநாள் நகர ஆரம்பித்தால் கீழே இருக்கும் பள்ளிக்கூடம் முழுவதற்குமே ஆபத்து என்றும் சொன்னார். உள்ளூர்ப் பத்திரிகை அதைச் செய்தியாகப் போட்டது.

வார்டு உறுப்பினர் பேச்சு என்றால் எந்த ஊரிலும் ஓர் இளக்காரம் உண்டு. சாக்கடை, குழாய், தெருவிளக்கு, மீண்டும் சாக்கடை. தலைவர் கேட்டுக்கொள்வார், அதிகாரி குறித்துக்கொள்வார், அடுத்த பொருள் விவாதத்துக்கு வரும்.

1966 அக்டோபர் 21, வெள்ளிக்கிழமை காலை 9.15 மணிக்கு அந்த மேடு நகர்ந்தது. அபர்வான் கிராமத்தின் பாண்ட்கிளாஸ் தொடக்கப்பள்ளியும் பக்கத்து வீடுகளும் புதைந்தன. இறந்தவர்கள் 144 பேர். அவர்களில் 116 பேர் குழந்தைகள். பெரும்பாலோர் ஏழு வயதிலிருந்து பத்து வயதுக்குள். அரையாண்டு விடுமுறைக்கு முந்தைய கடைசி வேலை நாள் அது.

அபர்வான் விபத்தைப் பற்றி ஏராளமாக எழுதிவிட்டார்கள். திரைப்படங்களும் தொலைக்காட்சித் தொடர்களும் அதைத் தொட்டிருக்கின்றன. நான் எழுத விரும்புவது அதைவிடச் சிறிய விஷயம்: ஒரு வார்டு. அந்த வார்டு எப்படி உண்டாயிற்று, அதன் உறுப்பினருக்கு என்ன தெரிந்திருந்தது, தெரிந்தது ஏன் போதவில்லை என்பது.

முதலில் பெயர்கள். வேல்ஸ் மொழியில் 'எஃப்' என்ற எழுத்து 'வ' என்றுதான் ஒலிக்கும். ஆகவே நம் பத்திரிகைகள் 'அபர்ஃபான்' என்று எழுதுவது ஆங்கில எழுத்தைப் பார்த்துச் செய்த வேலை. ஊர்க்காரர்கள் சொல்வது அபர்வான். 'அபர்' என்றால் ஓடையோ ஆறோ இன்னொன்றில் போய்க் கலக்கும் இடம். நம் 'கூடல்' மாதிரி. வான் என்ற சிற்றோடை டாஃப் நதியில் சேருமிடம் அபர்வான். 'பாண்ட்கிளாஸ்' என்றால் பசுமையான பள்ளம். ஊருக்கும் பள்ளிக்கும் பெயர் வைத்தவர்கள் நீரையும் பள்ளத்தையும் பார்த்தே வைத்திருக்கிறார்கள். ஊற்று இருந்ததே தெரியாது என்று பின்னால் வாதாட வந்தவர்களுக்கு இந்தப் பெயர்களின் பொருளை யாராவது சொல்லியிருக்கலாம்.

மெர்தர் நகரத்தின் வார்டுப் பெயர்களையே ஒரு சரித்திரப் பாடமாக வாசிக்கலாம். டவ்லைஸ், ப்ளிமத், கிவார்த்வா, பெனிடாரன்: நான்கும் இரும்பாலைகளின் பெயர்கள். 1759-க்கும் 1784-க்கும் இடையில் தொடங்கப்பட்ட நான்கு ஆலைகள் ஒரு மலையோரக் கிராமத்தை வேல்ஸின் மிகப் பெரிய நகரமாக்கின. 1851-ல் அங்கே நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள். உலகில் முதன்முதலாகத் தண்டவாளத்தில் நீராவி எஞ்சின் சுமை இழுத்துச் சென்றது இங்கிருந்துதான்; 1804-ல், பெனிடாரன் ஆலையிலிருந்து டாஃப் பள்ளத்தாக்கு வழியாக.

இவ்வளவு பெரிய ஊருக்கு நகராட்சி இல்லை. சர்ச்சு வட்டத்தின் பழைய நிர்வாகமும் அதற்குப் பிறகு 1850-ல் வந்த சுகாதார வாரியமும் ஆலை முதலாளிகளின் பிடியில் இருந்தன. நகராட்சி வந்தால் வரி உயரும், அதில் பெரும்பங்கைத் தாங்களே கட்ட வேண்டும் என்பது முதலாளிகளின் கணக்கு. பலமுறை முயன்று, கடைசியில் 1905-ல்தான் மெர்தருக்கு நகராட்சி அந்தஸ்து கிடைத்தது. முதல் மேயராக வந்தவர் ஈனாக் மாரல் என்ற சுரங்கத் தொழிலாளர் தலைவர். வேல்ஸின் முதல் தொழிற்கட்சி மேயர் அவர்தான். 1908-ல் அது 'கவுண்டி பரோ' ஆனது. அதாவது மாவட்ட நிர்வாகத்துக்குக் கட்டுப்படாமல் பள்ளி, சாலை, ஏழைகள் நலம் எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்ளும் தனி நகரம்.

இரும்பாலைப் பெயர் கொண்ட வார்டுகளுக்கு நடுவே மெர்தர் வேல் வேறு மாதிரியானது. அது நகரத்திலிருந்து சில மைல் தெற்கே, டாஃப் நதியின் இரு கரைகளிலும் கிடந்த பகுதி. 1869-ல் ஜான் நிக்சன் என்பவர் அங்கே சுரங்கம் தோண்ட ஆரம்பிக்கும்வரை பண்ணைகளும் ஆடுகளும்தான். 1875-ல் நிலக்கரி வெளியே வந்தது. கிழக்குக் கரையில் சுரங்கமும் மெர்தர் வேல் கிராமமும். மேற்குக் கரையில் அபர்வான். சுரங்கத்துக்கும் வார்டுக்கும் ஒரே பெயர். இது தற்செயல் என்று சொல்ல மாட்டேன். அந்த வார்டில் வாக்குக் கேட்டு எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் உள்ளே சுரங்கச் சம்பளத்தில் சாப்பிடுகிறவர் ஒருவர் இருப்பார்.

சுரங்கத்திலிருந்து நிலக்கரி மட்டும் வருவதில்லை. கல், மண், சாம்பல், கழுவிய சேறு எல்லாம் வரும். பள்ளத்தாக்கின் அடியில் இடம் குறுகல். எனவே முதல் உலகப் போர்க் காலத்திலிருந்து கழிவை அபர்வானுக்கு மேலே உள்ள மலைச்சரிவில் கொண்டுபோய்க் கொட்டினார்கள். ஒன்று உயர்ந்ததும் இன்னொன்று. இப்படி ஏழு மேடுகள். நான்காவது மேடு 1944-ல் ஒருமுறை சரிந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஏழாவதை 1958-ல் தொடங்கினார்கள். இடத்தைத் தேர்ந்தெடுத்த விதத்தைப் படிக்கும்போது நம்ப முடிவதில்லை. சுரங்க அதிகாரிகள் மலையேறிப் பார்த்தார்கள், இங்கேயே கொட்டலாம் என்று முடிவு செய்தார்கள். மண் சோதனை கிடையாது. வரைபடத்தைப் பிரித்துப் பார்க்கவில்லை. அரசாங்கத்தின் நில அளவை வரைபடங்களில் அந்த இடத்தில் ஓடையும் ஊற்றும் பல பத்தாண்டுகளாகக் குறிக்கப்பட்டிருந்தன. அந்த ஊற்றின் தலையில்தான் ஏழாவது மேடு உட்கார்ந்தது.

இதற்கிடையில் சுரங்கத்தின் உரிமையாளர் மாறியிருந்தார். 1947 ஜனவரி 1-ம் தேதி பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கங்கள் தேசியமயமாக்கப்பட்டு தேசிய நிலக்கரி வாரியத்திடம் போயின. அன்று சுரங்க வாசல்களில் மக்களின் சார்பாக இனி இவை நிர்வகிக்கப்படும் என்று பலகை வைத்தார்கள். மெர்தர் மக்கள் அதற்காகத் தலைமுறை தலைமுறையாகப் போராடியவர்கள். கெயர் ஹார்டியை 1900-ல் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய தொகுதி அது. தனியார் முதலாளியிடம் சண்டை போடத் தெரிந்த நகராட்சிக்கு, தங்கள் கட்சியே உருவாக்கிய ஒரு வாரியத்திடம் எப்படிச் சண்டை போடுவது என்பது தெரியவில்லை என்றே எனக்குப் படுகிறது. லண்டனில் வாரியத்தின் தலைவர் ராபன்ஸ் பிரபுவும் முன்னாள் தொழிற்கட்சி எம்.பி., அமைச்சர்.

நகராட்சி சும்மா இருந்தது என்று சொல்வது நியாயமில்லை. 1963 கோடையிலேயே அதன் பொறியியல் பிரிவிலிருந்து கடிதங்கள் போக ஆரம்பித்தன. ஒரு கடிதத்தின் தலைப்பு, 'பாண்ட்கிளாஸ் பள்ளிகளின் பின்புறம் நிலக்கரிச் சேறு கொட்டப்படுவதால் ஏற்படும் ஆபத்து' என்ற பொருளில் இருந்தது. ஒரு நகராட்சிப் பொறியாளர் இதைவிடத் தெளிவாக எழுத முடியாது. பள்ளியின் பெயர் இருக்கிறது, பொருளின் பெயர் இருக்கிறது, ஆபத்து என்ற சொல்லே இருக்கிறது. சில மாதங்கள் கழித்துத்தான் க்வினெத் வில்லியம்ஸ் குழுவில் பேசினார். 1965-ல் இரண்டு தாய்மார்கள் பள்ளியருகே தேங்கும் வெள்ளம் பற்றி ஒரு மனுவைத் தலைமை ஆசிரியை ஆன் ஜென்னிங்ஸிடம் கொடுத்தார்கள். அவர் அதை நகராட்சிக்கு அனுப்பிவைத்தார். அதே ஆண்டின் தொடக்கத்தில் நகராட்சி அதிகாரிகளும் நிலக்கரி வாரியத்தாரும் உட்கார்ந்து பேசினார்கள். அடைபட்ட குழாய்களையும் வாய்க்கால்களையும் சரிசெய்வதாக வாரியம் ஒப்புக்கொண்டது. 1966 அக்டோபர் வரை ஒன்றும் நடக்கவில்லை.

மொழிபெயர்ப்பு வேலையில் ஊறிப்போனதாலோ என்னவோ, எனக்கு இங்கே ஒரு சொல்தான் உறுத்துகிறது. 1963-ல் 'ஆபத்து' என்று ஆரம்பித்த விவகாரம் 1965-ல் 'வெள்ளம்' என்று ஆகிவிட்டது. வெள்ளம் என்றால் குழாயைச் சரிசெய்தால் போதும். ஆபத்து என்றால் மேட்டையே அகற்ற வேண்டும். அகற்றினால் கழிவை எங்கே கொட்டுவது? இடமில்லை என்றால் சுரங்கம்? யாரும் திட்டமிட்டு அந்தச் சொல்லை மாற்றியிருக்க மாட்டார்கள். இரு தரப்பும் உட்கார்ந்து பேசக்கூடிய சொல் எதுவோ அது தங்கியது. தீர்க்க முடியாததை எழுதிவைக்க எந்த அலுவலகத்துக் கோப்பும் விரும்பாது. மேட்டில் சேறு கொட்டுவதைப் பிற்பாடு நிறுத்தினார்கள் என்பது உண்மை. ஆனால் ஊற்றின்மேல் மற்றக் கழிவு தொடர்ந்து விழுந்துகொண்டிருந்தது.

சுரங்கம் மூடப்படும் என்ற அச்சம் எவ்வளவு பெரியது என்பதை அறிய மெர்தரின் 1930-களைப் பார்க்க வேண்டும். 1930-ல் டவ்லைஸ் இரும்பாலை பெரும்பாலும் மூடப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் ஊரில் வேலைக்குத் தகுதியானவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு வேலை இல்லை. கவுண்டி பரோ என்பதால் ஏழை நிவாரணத்தை நகராட்சியே கொடுக்க வேண்டும். வரி கட்ட வேண்டியவர்களோ நிவாரணம் வாங்கும் வரிசையில் நின்றார்கள். நகராட்சி திவாலாகும் நிலை. 1935-ல் அரசு ஒரு ராயல் கமிஷனை நியமித்தது. பிரச்சினைக்கு அது கண்ட தீர்வு, மெர்தரின் தனி நகர அந்தஸ்தைப் பறித்துவிடலாம் என்பது! அந்தப் பரிந்துரை நிறைவேறவில்லை. ஆனால் ஓர் ஆலை போனால் நகராட்சியே போய்விடும் என்ற பாடத்தை ஊர் மறக்கவில்லை. 1964-ல் மன்றத்தில் உட்கார்ந்திருந்தவர்களில் நடுவயதைத் தாண்டிய ஒவ்வொருவரும் அதைக் கண்ணால் கண்டவர்கள்.

மெர்தரின் எம்.பி. எஸ்.ஓ. டேவிஸ் விசாரணையில் அளித்த சாட்சியத்தை இந்த வெளிச்சத்தில்தான் படிக்க வேண்டும். அவர் 1934 முதல் எம்.பி., 1945-46-ல் அந்த நகரத்தின் மேயர். மேடு சரியலாம் என்ற சந்தேகம் தனக்கு நெடுநாளாக இருந்ததாகச் சொன்னார். ஏன் எழுப்பவில்லை? எழுப்பினால் சுரங்கத்தையே மூடிவிடுவார்கள் என்று பயந்தேன் என்றார். விசாரணை மன்றம் இதை அப்படியே ஏற்கவில்லை. உண்மையென்றால் அவர்மேலும் பெரும் பழி விழும், அவர் தான் சொல்வதன் கனத்தை உணர்ந்து சொன்னதாகத் தோன்றவில்லை என்ற தொனியில் ஒதுக்கிவைத்தது. எனக்கு அந்தச் சாட்சியம் பொய்யாகத் தெரியவில்லை. சந்தேகம் இருந்திருக்கும், அதை வாய்விட்டுச் சொல்லும் தைரியம் இல்லாமல் போயிருக்கும். அப்படிப் பார்த்தால், எம்.பி. சொல்லாததை ஒரு வார்டு கவுன்சிலர் வெளிப்படையாகச் சொன்னது சாதாரண விஷயம் அல்ல. அவரும் சுரங்கத்தை நம்பிய அதே மக்களிடம்தான் வாக்குக் கேட்க வேண்டியிருந்தது.

அன்று காலை நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மலையடியில் மூடுபனி, மேலே வெயில். காலை ஏழரை மணிவாக்கில் மேட்டில் வேலைக்குப் போனவர்கள் உச்சி சுமார் பத்தடி உள்வாங்கியிருப்பதைக் கண்டார்கள். கீழே தகவல் சொல்லத் தொலைபேசி இல்லை. கம்பியை யாரோ திருடியிருந்தார்கள். ஓர் ஆளை இறங்கிப் போய்ச் சொல்ல அனுப்பினார்கள். தொலைபேசி இருந்திருந்தாலும் உயிர்கள் தப்பியிருக்காது என்று விசாரணை மன்றம் பின்னர் முடிவு செய்தது. ஒரு லட்சம் கன மீட்டருக்கும் மேலான கழிவு நீரில் குழைந்து சேற்றாறாக இறங்கியது. பள்ளிக்குள் மட்டும் 109 குழந்தைகளும் ஐந்து ஆசிரியர்களும் இறந்தார்கள். தாய்மார்களின் மனுவை நகராட்சிக்கு அனுப்பிய ஆன் ஜென்னிங்ஸும் அன்று உயிரிழந்தார். மெர்தர் வேல் சுரங்கத்தின் தொழிலாளர்களே மேலே ஏறி வந்து மண்வெட்டியால் தோண்டினார்கள். காலை பதினொரு மணிக்குப் பிறகு யாரும் உயிரோடு கிடைக்கவில்லை.

விசாரணை மன்றத்தின் தலைவர் நீதிபதி எட்மண்ட் டேவிஸ் அடுத்த பள்ளத்தாக்கில் பிறந்தவர். 76 நாட்கள், 136 சாட்சிகள். ஊற்று இருந்தது தெரியாது, இது எதிர்பாராத இயற்கைச் சம்பவம் என்ற நிலையில் தொடங்கிய வாரியம் பல வாரங்கள் அதைப் பிடித்துக்கொண்டு நின்றது. கிராமத்தார் வந்து அந்த ஓடையைச் சிறு வயதிலிருந்தே பார்த்திருக்கிறோம் என்றார்கள். இதே டாஃப் பள்ளத்தாக்கில் சில மைல் கீழே கில்வினித்தில் 1939 டிசம்பரில் ஒரு பெரிய கழிவு மேடு சரிந்து சாலையை மூடி ஆற்றையே தடுத்தது. அப்போது ஒரு நிபுணர் எழுதிவைத்த எச்சரிக்கைக் குறிப்பு வாரியத்தின் அலுவலகங்களிலேயே கிடந்தது. 1967 ஆகஸ்டில் வெளியான அறிக்கை பழியை நிலக்கரி வாரியத்தின்மேல் வைத்தது. கெட்ட எண்ணம் கொண்டவர்கள் யாரும் இல்லை. அறியாமையும் திறமைக் குறைவும் ஒருவருக்கொருவர் தகவல் சொல்லாததும்தான் காரணம் என்றது. வாரியத்தின் ஒன்பது ஊழியர்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. ஒருவர்கூட வேலை இழக்கவில்லை. ஒருவர்மீதும் வழக்கு இல்லை. ராபன்ஸ் பிரபு ராஜினாமா செய்ய முன்வந்தார், அரசு ஏற்கவில்லை. ஒரு குழந்தைக்கு வாரியம் கொடுத்த இழப்பீடு 500 பவுண்டு.

அந்த அறிக்கையில் எனக்கு முக்கியமாகப் பட்ட வேறொரு விஷயம் உண்டு. கழிவு மேடுகளின் பாதுகாப்புக்கென்று அதுவரை பிரிட்டனில் சட்டமே இருக்கவில்லை. சுரங்கத்துக்குள் ஒரு மரத்தூண் எங்கே நிற்க வேண்டும் என்பதற்குக்கூட விதி இருந்தது. பள்ளிக்கூடத்துக்கு மேலே நூறடிக்கு மேல் கழிவைக் குவிப்பதற்கு எந்த விதியும் இல்லை. நகராட்சி எழுதிய கடிதங்களுக்குப் பின்னால் நிற்கச் சட்டம் என்ற முதுகெலும்பு கிடையாது. வேண்டுமானால் இன்னும் பலமாகக் கத்தியிருக்கலாம், நீதிமன்றம் போயிருக்கலாம் என்று இன்று சொல்வது எளிது. க்வினெத் வில்லியம்ஸின் பேச்சு குழுவின் அறையைத் தாண்டி, பத்திரிகையின் ஒரு பத்தியைத் தாண்டிப் போகாததற்கு அவர் எப்படிப் பொறுப்பாவார்? அவர் கொண்டுவந்தது தன் வார்டுத் தெருக்களின் செய்தி. முடிவெடுப்பவர்கள் இருந்த இடத்துக்கு அந்த வார்டிலிருந்து வழியே இல்லை.

வழி இல்லை என்பதை விபத்துக்குப் பிறகும் அந்தக் கிராமம் அனுபவித்தது. மிச்சமிருந்த மேடுகள் இன்னும் தலைக்கு மேலே நின்றன. அவற்றால் ஆபத்தில்லை என்று அரசு சொன்னது. இனி அந்த வார்த்தையை நம்பத் தயாராக இல்லை என்றார்கள் கிராமத்தார். 1968-ல் கார்டிஃபில் உள்ள வேல்ஸ் அமைச்சக அலுவலகத்துக்குப் போய் நிலக்கரிச் சேற்றைக் கொட்டிவிட்டு வந்தார்கள். மனுக்களும் கடிதங்களும் மூன்று ஆண்டுகளில் செய்யாததை அந்தச் சேறு செய்தது. மேடுகளை அகற்ற அரசு ஒப்புக்கொண்டது. ஆனால் செலவில் ஒரு பங்கை விபத்து நிவாரண நிதியிலிருந்து கொடுக்க வேண்டும் என்றது!

அந்த நிதியை விபத்து நடந்த உடனே தொடங்கியவர் மெர்தர் மேயர்தான். உலகெங்கிலுமிருந்து சேர்ந்த தொகை சுமார் 17½ லட்சம் பவுண்டு. இறந்த பிள்ளைகளின் பெற்றோருக்கு என்று ஜனங்கள் தபாலில் அனுப்பிய பணம். கேட்டது இரண்டரை லட்சம்; பேரம் பேசி ஒன்றரை லட்சம் பவுண்டு அதிலிருந்து எடுக்கப்பட்டது.  நிதிக் குழுவில் இருந்த எஸ்.ஓ. டேவிஸ் மட்டும் எதிர்த்து வாக்களித்துவிட்டு விலகினார். விசாரணை மன்றத்தில் தலைகுனிந்து நின்ற மனிதரின் மறுபக்கம் இது. 1970 தேர்தலில் வயதாகிவிட்டது என்று கட்சி அவருக்கு இடம் தர மறுத்தபோது அவர் சுயேச்சையாக நின்று ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் வித்தியாசத்தில் தொழிற்கட்சி வேட்பாளரைத் தோற்கடித்தார். தொழிற்கட்சியின் கோட்டை என்று அரை நூற்றாண்டாகப் பேசப்பட்ட ஊர் அது. 1976-ல் நகராட்சியே வேல்ஸ் தேசியக் கட்சியான ப்ளைட் கம்ரியின் கைக்குப் போனது. எல்லாவற்றுக்கும் அபர்வான்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதைத் தள்ளிவைத்துவிட்டும் இந்த முடிவுகளைப் புரிந்துகொள்ள முடியாது.

1969-ல் கழிவு மேடுகளுக்கான சட்டம் வந்தது. கைவிடப்பட்ட மேடுகளைப் பொறுத்தவரை உள்ளாட்சிகளுக்கு முதல்முறையாக அதிகாரம் கிடைத்தது: உள்ளே போய்ப் பார்க்கலாம், உரிமையாளரிடம் விவரம் கேட்கலாம், ஆபத்தென்றால் வேலை செய்யும்படி உத்தரவிடலாம். 1963-ல் அந்தப் பொறியாளர் கையில் இப்படி ஒரு தாள் இருந்திருந்தால்கூட ஏழாவது மேட்டை அது நிறுத்தியிருக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஏனெனில் அது கைவிடப்பட்ட மேடல்ல. அன்றாடம் வளர்ந்துகொண்டிருந்த மேடு. அத்தகைய மேடுகளுக்குச் சுரங்க ஆய்வாளர்கள்தான் பொறுப்பு.

ஐந்தே ஆண்டுகளில், 1974-ல், மெர்தர் கவுண்டி பரோ கலைக்கப்பட்டது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உள்ளாட்சிகளை மாற்றியமைத்தபோது அது மத்திய கிளமார்கன் என்ற புதிய கவுண்டியின் கீழே ஒரு சாதாரண வட்டமாகிவிட்டது. 1935-ல் ராயல் கமிஷன் சொன்னதை வேறு காரணத்துக்காக நாற்பது ஆண்டுகள் கழித்துச் செய்தார்கள். அந்த மன்றத்தோடு அதன் வார்டுகளும் சட்டப்படி முடிந்தன. 1996-ல் மெர்தர் மீண்டும் கவுண்டி பரோ ஆனது, மெர்தர் வேல் என்ற பெயரில் மறுபடியும் வார்டு வந்தது. ஆனால் பெயர் கொடுத்த சுரங்கம் அதற்குள் போய்விட்டது. அது மூடப்பட்டது 1989-ல். மூடிவிடுவார்கள் என்ற பயத்தில் யார் யாரெல்லாம் வாயை மூடிக்கொண்டிருந்தார்களோ, அந்தப் பயம் இருபத்து மூன்று ஆண்டுகள் தாமதமாகப் பலித்தது.

நிவாரண நிதியிலிருந்து எடுத்த ஒன்றரை லட்சம் பவுண்டை 1997-ல் அன்றைய வேல்ஸ் அமைச்சர் ரான் டேவிஸ் திருப்பிக் கொடுத்தார். 29 ஆண்டுகள் கழித்து, வட்டி இல்லாமல். விலைவாசி உயர்வைக்கூடக் கணக்கில் எடுக்கவில்லை. 2007-ல் வேல்ஸ் அரசு 15 லட்சம் பவுண்டு கொடுத்த பிறகுதான் அந்தக் கணக்கு ஓரளவு நேரானது.

மேடுகளின் கதை முடியவில்லை. 2020 பிப்ரவரியில் 'டென்னிஸ்' புயலின்போது ரோண்டா பள்ளத்தாக்கில் டைலர்ஸ்டவுன் அருகே பழைய கழிவு மேடு ஒன்று சரிந்து ஆற்றில் இறங்கியது, யாரும் இறக்கவில்லை. அதற்குப் பிறகுதான் எண்ணிப் பார்க்க ஆரம்பித்தார்கள். வேல்ஸில் கைவிடப்பட்ட நிலக்கரி மேடுகள் இரண்டாயிரத்துக்கும் மேல் இருப்பது தெரிந்தது. பெரும்பாலானவை இருந்தது தெற்கே உள்ள பள்ளத்தாக்குகளில், பலவும் தனியார் நிலத்தில். 2024 நவம்பரில் குவம்டிலரியில் இன்னொன்று சரிந்து வீடுகளுக்குள் சேறு புகுந்தது. 1969 சட்டம் போதாது என்று முடிவு செய்த வேல்ஸ் பாராளுமன்றம் 2025-ல் புதிய சட்டம் இயற்றியது. கைவிடப்பட்ட மேடுகளைக் கண்காணிக்கத் தனி ஆணையம் ஒன்றை அமைக்க அது வகை செய்கிறது. இப்போது பொறுப்பு உள்ளாட்சியிலிருந்து மேலே போகிறது.

இதற்கு முன்பே, 2023 நவம்பரில், அதிகக் கண்காணிப்பு தேவைப்படும் மேடுகள் எவை என்ற பட்டியலையும் வரைபடத்தையும் வேல்ஸ் அரசு பொதுமக்களுக்கு வெளியிட்டது. மெர்தர் பகுதியின் மேடுகளும் அதில் இருக்கின்றன. தங்கள் தெருவுக்கு மேலே இருப்பது எந்த வகையைச் சேர்ந்தது என்பதை அங்குள்ளவர்கள் இப்போது வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம்.